அதிகாரி கேட்டால் சத்தமாகச் சொல்ல வேண்டும்

சன்னல் பக்கம் இவளுக்கு விட்டுக் குடுங்க தாயி. வெளிய பார்த்துக்கிட்டு வந்தா அலையாம இருப்பா. நடுவுல நான் உட்கார்ந்துக்கிடுறேன், நீங்க இந்த ஓரம். பையைக் கீழ வைக்காதீங்க, எவனோ தண்ணியைக் கொட்டி வச்சிருக்கான். கலெக்டர் ஆபீசுக்குத்தான போறீங்க? ஃபைலைப் பார்த்ததும் நெனச்சேன். நாங்களும் அங்கதான். நீங்க யாருக்குப் போறீங்க? தம்பிக்கா. கால் வராதா. அப்ப நல்லது. கால் வராதுன்னா கண்ணுக்குத் தெரியும். நம்ம வாயால சொல்ல வேண்டியது ஒண்ணும் இல்ல.

இவ என் மக. சந்தனமாரி. நீங்க அவகிட்டத்தான் பேர் கேட்டீங்க, நான் சொல்றேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. இப்ப அப்படித்தான் ஆயிப்போச்சு. நாலு மாசத்துக்கு முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா பேரு, அப்பா பேரு, ஊரு, இன்னைக்கு என்ன கிழமை, எல்லாம் சொல்லிட்டு உங்களுக்கு ஒரு வணக்கமும் வச்சிருப்பா. கண்டக்டருக்கும் வச்சிருப்பா.

நான் பால்வாடி ஆயா. இருபத்தொன்பது வருசம். பேரு பொன்னுத்தாய், பிள்ளைகளுக்குப் பொன்னாயா. ரெண்டு வருசத்துக்கு முந்தி ரிட்டயர் ஆனேன். எங்க ஊர்ல லாரி ஓட்டுறவன், போலீசுல இருக்கிறவன், அத்தனை பேருக்கும் நான்தான் மூக்குத் துடைச்சு விட்டது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தா இன்னைக்கும் என் கால்ல விழுந்துட்டுத்தான் போவான்.

இவளும் மூணு வயசுல அங்கதான் வந்தா. மத்த பிள்ளைக ரெண்டு வருசம் இருந்துட்டு ஒண்ணாப்புக்குப் போயிரும். இவளையும் போட்டேன். பதினஞ்சு நாள்ல ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு விட்டாரு. "உங்க கூடவே வச்சுக்கிடுங்கம்மா, இங்க பயந்து சாகுது"ன்னாரு. கூட்டிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் வருசா வருசம் புதுப் பிள்ளைக வரும், போகும். இவ மட்டும் அங்கனயே உட்கார்ந்திருப்பா. இருபத்திமூணு வருசம் தாயி. அதே பாட்டு, அதே படம், அதே கேள்வி. மெள்ள மெள்ள இவளுக்கும் எல்லாம் வந்துச்சு. என்ன, மத்த பிள்ளை ஒரு மாசத்துல படிக்கிறதை இவ ஆறு வருசத்துல படிச்சா. படிச்சாளா இல்லையா?

பால்வாடிக்கு அதிகாரி வருவாக. முதல் நாளே தகவல் வந்துரும். அன்னைக்குக் காலையில எனக்குக் கை நிக்காது. எல்லாப் பிள்ளைக்கும் முகம் கழுவி, பவுடர் போட்டு, எண்ணெய் வச்சுத் தலைசீவி, வரிசையா உட்கார வைப்பேன். அதிகாரி வந்ததும் எந்திரிச்சு வணக்கம் சொல்லணும். பேர் கேட்டாச் சத்தமாச் சொல்லணும். "முட்டை சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா "சாப்பிட்டோம்"னு ஒரே குரல்ல சொல்லணும். முட்டை வண்டி வராத வாரமும் அப்படித்தான் சொல்லணும். அது பொய் இல்ல தாயி. வந்தவுக மனசு குளிர்ந்து போகணும்ல. அதிகாரி எதைக் கேட்டாலும் 'ஆமா', 'தெரியும்', 'செய்வேன்'. தெரியாதுங்கிற பேச்சே வரக்கூடாது. எங்க சென்டர்ல இருபத்தொன்பது வருசத்துல ஒரு பிள்ளை தெரியாதுன்னு சொன்னதில்ல. அதுலயும் இவதான் முதல் வரிசை. சின்னப் பிள்ளைக முழிச்சா இவ எடுத்துக் குடுப்பா.

இவளுக்குப் பத்து வயசுல உதவித்தொகைப் புத்தகம் போட்டுக் குடுத்தாக. நான் ஒண்ணும் கேட்டுப் போகல, எங்க பாக்கியம் டீச்சர்தான் எழுதிப் போட்டாக. அப்ப வந்த டாக்டர் இவளை ஒரு தடவை பார்த்தாரு, எழுதினாரு, முடிஞ்சது. மாசாமாசம் வந்துச்சு. போன தை மாசம் பேங்குக்குப் போறேன், வரலைங்கிறாக. பழைய திட்டத்தை முடிச்சாச்சாம். புதுசா ஒரு திட்டமாம். பழைய புத்தகம் வச்சிருக்கிற அத்தனை பேரும் முகாமுக்கு வந்து புதுசாப் பரிசோதனை பண்ணி, எத்தனை சதவீதம்னு எழுதி வாங்கி, புது அட்டை வாங்கணுமாம். பாதிக்கு மேல இருந்தாத்தான் பணமாம்.

அந்தப் பணம் எனக்கு வேண்டாம் தாயி. என் பென்சன்ல நான் கஞ்சி குடிச்சிருவேன். ஆனா எனக்குச் சக்கரை. இந்தக் காலைப் பாருங்க, ரெண்டு விரலை எடுத்தாச்சு. அடுத்து எதை எடுப்பாகளோ. எனக்குப் பிறகு இவளை யார் பார்க்கிறது? மகன் முனியசாமி திருப்பூர்ல பனியன் கம்பெனியில கெடக்கான், மாசத்துக்கு ஒருக்கா வருவான். மருமக செல்வராணிதான் வீட்டுல. அவ முகத்துக்கு நேராச் சொல்லிட்டா. "நான் பார்த்துக்கிடுறேன் அத்தை. ஆனா தீப்பெட்டி ஆபீசு கூலியில எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு. அந்தப் பணம் நிக்காம வந்தா மதினி சோறு மதினியோடது. நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது"ன்னா. மதினின்னு இவளைத்தான் சொல்றா. என்ன பேச்சு பாருங்க. கணக்குப் பேசுறா. மக மாதிரி நெனச்சா அப்படிப் பேசுவாளா? சரி, ஆனாலும் அவளை விட்டா எனக்கு யாரு.

அதனால அந்த அட்டை வாங்கியாகணும்னு ஆயிப்போச்சு. முகாம் தேதி வந்ததும் பத்து நாள் நான் தூங்கல. இவளை உட்கார வச்சுச் சொல்லிக் குடுத்தேன். பெரிய டாக்டர் கேட்பாகல்ல. பேரு, ஊரு, கிழமை, மாசம், ஒண்ணுலருந்து முப்பது, நிறம், எல்லாம். செல்வராணி அடுப்படியிலருந்து எட்டிப் பார்த்து, "அத்தை, இதெல்லாம் சொல்லிக் குடுக்காதீக. மதினி எப்படி இருக்காகளோ அப்படியே கூட்டிட்டுப் போங்க"ன்னா. எனக்கு வந்துச்சே ஆத்திரம். என் பிள்ளை பத்துப் பேர் முன்னால முட்டாளா முழிக்கணும்னு இவளுக்கு ஆசை. "நீ உன் வேலையைப் பாரு"ன்னுட்டேன்.

அன்னைக்கு மஞ்சப் பாவாடை தாவணி கட்டி, பவுடர் போட்டு, ரெண்டு சடையா மடிச்சுக் கட்டி, பூ வச்சுக் கூட்டிட்டுப் போனேன். முகாம்ல பார்த்தா எப்படி எப்படியோ கூட்டிட்டு வந்திருக்காக. அழுக்குச் சட்டை, எச்சி வடியுது. எனக்கே வெக்கமாப் போச்சு. பெத்தவுகளுக்கு ஒரு இது வேண்டாமா? எங்களைக் கூப்பிட்டதும் இவ நிமிர்ந்து போயி "வணக்கம் டாக்டரம்மா"ன்னா. அந்த டாக்டரம்மா சிரிச்சிட்டாக. சின்ன வயசுதான், கண்ணாடி போட்டவுக. பேர் கேட்டாக, சொன்னா. ஊர் சொன்னா. கிழமை சொன்னா. அஞ்சு விரலை விரிச்சுக் காட்டினாக, "அஞ்சு"ன்னா. "நீயே குளிப்பியா?"ன்னாக. "குளிப்பேன்"னா. "நீயே சடை பின்னிக்கிடுவியா?" "பின்னிக்கிடுவேன்." "கடைக்குப் போயி சாமான் வாங்கிட்டு வருவியா?" "வாங்கிட்டு வருவேன்." எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

குளிப்பாட்டுறது நான்தான். சடை பின்னுறது நான்தான். மாசத்துக்கு மூணு நாள் துணி மாத்தி விடுறதும் நான்தான். தெருமுக்குக்கு அந்தப் பக்கம் விட்டா வீட்டுக்கு வரத் தெரியாது. அதையெல்லாம் அத்தனை பேர் முன்னால எப்படிச் சொல்றது? டாக்டரம்மா என்னைப் பார்த்து, "தனியா வீட்டுல இருப்பாங்களாம்மா?"ன்னு கேட்டாக. "ராணி மாதிரி இருப்பா டாக்டரம்மா, ஒரு தொந்தரவு கெடையாது"ன்னேன். "ரொம்ப நல்லா வளர்த்திருக்கீங்கம்மா"ன்னு சொன்னாக. எத்தனை அதிகாரி வந்து போயிருக்காக, ஒருத்தர் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்ல தாயி. பஸ்ஸுல வரும்போது அழுதுக்கிட்டே வந்தேன். இவளுக்கு ஒரு முழுப் பொட்டலம் சேவு வாங்கிக் குடுத்தேன்.

இருபது நாள் கழிச்சுத் தபால் வந்துச்சு. முப்பத்தஞ்சு சதவீதம். தகுதி இல்லை.

எனக்குப் புரியவே இல்ல. எல்லாக் கேள்விக்கும் சரியாச் சொன்ன பிள்ளைக்கு முப்பத்தஞ்சு. ஒரு வார்த்தை பேசாம எச்சி வடியவிட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்த பயலுக்கு எண்பது. பால்வாடியில இப்படி ஒரு நியாயம் நான் பார்த்ததில்ல. ஆபீசுக்குப் போயி சண்டை போட்டேன். அங்க இருந்த கிளார்க்குதான் சொன்னாரு, "ஒரே ஒரு தடவை மேல்முறையீடு பண்ணலாம்மா, நாற்பத்தஞ்சு நாளுக்குள்ள. போர்டுல மூணு டாக்டர் பார்ப்பாங்க"ன்னு. கதவுப் பக்கம் கட்டைக்கால் போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தாரு. "பிள்ளையைப் பேச விடாதீங்கம்மா. பேசினாப் போச்சு"ன்னாரு. அப்பத்தான் எனக்குக் கண்ணு தொறந்துச்சு. அந்தத் திட்டத்துக்கு வேண்டியது வேற பாடம்.

செல்வராணி அப்பவும் குறுக்க வந்தா. "நான் ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்ல, கூட வாரேன் அத்தை. மதினிக்கு நாம என்னென்ன செய்யிறோம்னு நான் டாக்டர்கிட்ட எடுத்துச் சொல்றேன், அது போதும்"னா. இவ போயி என் பிள்ளை மானத்தைச் சபையில வச்சுக் கப்பலேத்தணுமா? வேண்டாம்னுட்டேன். என் பிள்ளைக்கு எதைப் படிச்சுக் குடுக்கணும்னாலும் எனக்குத் தெரியும். இருபத்தொன்பது வருசம்.

முதல்ல ஆசையாத்தான் சொன்னேன். அடிக்கல. "சந்தனம், இனிமே யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது"ன்னேன். சரின்னா. "உன் பேர் என்ன?"ன்னேன். "சந்தனமாரி"ன்னு சத்தமாச் சொல்லிட்டுச் சிரிக்கா. வாயைப் பொத்தினேன். திரும்பக் கேட்டேன். திரும்பச் சொல்றா. சத்தம் பத்தலைன்னு நான் கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சு இன்னும் சத்தமாச் சொல்றா. பாவம், அவளுக்கு என்ன தெரியும். இருபத்திமூணு வருசம் ஊட்டினதை நாற்பது நாள்ல பிடுங்கணும்ல. அப்புறம் லேசா உதட்டுல தட்டினேன். அது அடி இல்ல. ஒரே ஒரு நாள் தோசைக் கரண்டியால… காம்பாலதான் தாயி, சூடு ஒண்ணும் இல்ல. ஒரு நாளோ ரெண்டு நாளோ. அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடல, நானும் சாப்பிடல.

கடைசியில படிச்சுட்டா. என் பிள்ளைக்குச் சொன்னா வராதது உண்டா? பேர் கேட்டாத் தலையைக் குனிஞ்சுக்கிடுவா. கிழமை கேட்டாக் குனிஞ்சுக்கிடுவா. பாட்டுப் படின்னா உதட்டைக் கடிச்சுக்கிடுவா. கண்ணு மட்டும் என்னையே பார்த்துக்கிட்டு இருக்கும், சரியாச் செய்யிறேனான்னு.

போர்டுல மூணு பேர் உட்கார்ந்திருந்தாக. அந்தக் கண்ணாடி டாக்டரம்மாவும் ஓரத்துல இருந்தாக. இந்தத் தடவை பூ வைக்கல, பவுடர் போடல. பேர் கேட்டாக. இவ என்னைப் பார்த்தா. நான் சொவத்தைப் பார்த்தேன். இன்னொரு தடவை கேட்டாக. தண்ணி தண்ணியாக் கண்ணுலருந்து கொட்டுது, வாய் திறக்கல. நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டா. அப்படி ஒரு நாளும் செஞ்சதில்ல தாயி, ரெண்டரை வயசுலயே பழக்கிட்டேன். டாக்டரம்மா எந்திரிச்சு வந்து இவ தோளைத் தொட்டு, "போன தடவை நல்லாப் பேசினியேடா, என்ன ஆச்சு?"ன்னாக. இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "காய்ச்சல் வந்து கெடந்தாளா?"ன்னு என்கிட்டக் கேட்டாக. நான் ஆமான்னேன்.

எழுபத்தஞ்சு போட்டாக. அட்டை வந்துருச்சு. இந்தா இருக்கு பாருங்க, போட்டோ எல்லாம் போட்டு. பணமும் ரெண்டு மாசமா வருது.

ஆபீசு படியில இறங்கும்போதே இவ கையைப் பிடிச்சு, "முடிஞ்சது தங்கம், இனிமே பேசலாம்"னேன். பேசல. பஸ்ஸுல சேவு வாங்கிக் குடுத்து, "உன் பேர் என்ன?"ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. சரி, ரெண்டு நாள் போகட்டும்னு விட்டேன். ரெண்டு நாள் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு. இப்ப ரெண்டு மாசம் தாண்டிருச்சு. அம்மான்னு கூடக் கூப்பிட மாட்டேங்கிறா. கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டினேன், அந்தா கையில கெடக்கு. அந்த டாக்டர்க திட்டம் என் பிள்ளை வாயை அடைச்சிருச்சு தாயி. நல்லாப் பேசின பிள்ளைக்குக் கம்மியாப் போட்டது அவுகதான். நானா போட்டேன்?

போன வெள்ளிக்கிழமை காலையில நான் அடுப்படியில உட்கார்ந்து உள்ளி உரிச்சுக்கிட்டு இருந்தேன். செல்வராணி வேலைக்குப் போயிட்டா. சோறு வடிச்சு வச்சிருந்த கொதிகஞ்சிச் சட்டி சாஞ்சிருக்கு. இவ கால் மேலதான் கொட்டியிருக்கு. எனக்கு முதுகுப் பக்கம். சத்தமே இல்ல. சட்டி உருண்ட சத்தம் கேட்டுத் திரும்பினேன், தரையெல்லாம் கஞ்சி. இவ சொவத்தோட ஒட்டி நின்னு என் முகத்தைப் பார்க்கா. "மேல பட்டுச்சா?"ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பாவாடைதான் கால் வரைக்கும் கெடக்கே, எனக்குத் தெரியல. போயி அந்தப் பக்கம் உட்காருன்னுட்டுத் தரையைத் தொடைச்சேன்.

சாயங்காலம் செல்வராணி வந்து கால் கழுவி விடப் போனவதான் பாவாடையைத் தூக்கிப் பார்த்தா. கொப்புளம் கொப்புளமா, முழங்கால் வரைக்கும். காலையிலருந்து அப்படியே உட்கார்ந்திருக்கா தாயி. ஒரு முனகல் இல்ல. வெந்த பிள்ளை அம்மான்னு கத்தாதா? என் முகத்தைப் பார்த்துக்கிட்டே நின்னாளே, அது என் கண்ணை விட்டுப் போகமாட்டேங்குது.

செல்வராணி மருந்து போட்டுக்கிட்டே அழுதா. "எனக்கு அந்தப் பணம் வேண்டாம் அத்தை. எங்க வலிக்குதுன்னு சொல்லாத பிள்ளையை நான் எப்படிக் காப்பாத்துவேன்? பேசிக்கிட்டு இருந்தாகன்னா கஞ்சியோ கூழோ குடுத்துப் பார்த்திருப்பேன்"னா. அப்புறம் ஒண்ணு சொன்னா. நான் ரேசன் கடைக்குப் போயிருந்தப்போ இவ என் பேரன்கிட்ட ஒண்ணு ரெண்டு எண்ணிக் காட்டினாளாம். அஞ்சு வரைக்கும். நான் வாசப்படி ஏறின சத்தம் கேட்டதும் நிறுத்திட்டாளாம். பொய் சொல்றான்னு நெனச்சேன். மாமியா மருமக பேச்சுதான, எதையாவது சொல்லுவா. நாலு நாளா அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்.

இன்னைக்குப் புதன்கிழமை. அந்தக் கண்ணாடி டாக்டரம்மா புதன்கிழமைதான் வருவாக. அதான் மஞ்சப் பாவாடையைக் கட்டி, பூ வச்சுக் கூட்டிட்டு வாரேன். பாவாடை கால்ல உரசாம இருக்க உள்ள துணி சுத்தியிருக்கு. டாக்டரம்மா ஒரு தடவை பேர் கேட்டாப் போதும். அதிகாரி கேட்டாச் சொல்லணும்னு இவளுக்குத் தெரியும், அது அடியில எங்கயாவது கெடக்கும். பேசிட்டான்னா அட்டையைத் திருப்பி வாங்கிக்கிடட்டும். முதல்லயே குடுத்துருவோம்னு கையில எடுத்து வச்சிருக்கேன். முப்பத்தஞ்சுன்னே போட்டுக்கிடட்டும்.

பஸ் திரும்புது, அடுத்த ஸ்டாப்தான். உங்களை எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காக? பதினொண்ணுக்கா, நேரம் இருக்கு. நீங்க ஏறி உட்கார்ந்ததுலருந்து இதைக் கேட்கணும்னுதான் இத்தனையும் பேசிக்கிட்டு வாரேன். செல்வராணி வாரேன்னுதான் சொன்னா. அவகிட்ட இதைச் சொல்ல எனக்கு வாய் வரல. உங்களை இனிமே நான் பார்க்கப் போறதில்ல, அதான் சொல்றேன். டாக்டரம்மா ரூமுக்குள்ள நீங்க இவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறீங்களா தாயி? நான் ஆபீசு கேட்டுக்கு வெளிய, ரோட்டுல நின்னுக்கிடுறேன். என் செருப்புச் சத்தம் அங்க வரைக்கும் கேட்காது.